கொரற்றியிடம் விட்டுவந்த சொல்

"முகமே தெரியாதவங்களுக்கு எப்படிப் பாடம் நடத்துறது?" என்று கேட்டார் தாணுமாலயன்.

கொரற்றி பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

தாணுமாலயன் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியவர்களுக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கும் ஒரு பள்ளியில் இப்போது சேர்ந்திருந்தார். மாணவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். பள்ளியின் அலுவலகம் மட்டும் நாகர்கோவிலில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. புதிதாக வரும் ஆசிரியர்களைப் பழக்குகிறவர் கொரற்றி. அவருக்குத் தாணுமாலயனின் கடைசி மகள் வயதுதான்.

"வெறும் கருப்புக் கட்டம் மேடம். கட்டத்துக்குக் கீழே ஒரு பேர். அவ்வளவுதான். நான்பாட்டுக்குப் பேசுறேன். கிணத்துக்குள்ள பேசினாலாவது எதிரொலி வரும்."

கொரற்றி டம்ளரை வைத்தார். எழுந்து வந்து, தாணுமாலயனின் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்.

"ஒரு கதை சொல்லுங்க சார்."

"என்ன கதை?"

"உங்களுக்குத் தெரிஞ்சது எதுவானாலும்."

தாணுமாலயன் சுவரைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார். அவருடைய கல்யாணத்துக்கு முதல் நாள் குளம் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்த கதை. பலமுறை சொன்ன கதை. எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பந்தல்கால் மிதந்துபோன இடம் வந்தது. சிரிப்புச் சத்தம் வரவில்லை.

சமையல்காரர் அண்டாவுக்குள் ஏறி உட்கார்ந்த இடம் வந்தது. அதை வேகமாகச் சொன்னார். அடுத்ததை அதைவிட வேகமாகச் சொன்னார். தாலியை யார் எடுத்து வைத்திருந்தார்கள் என்பது மறந்துபோயிற்று. சொந்தக் கல்யாணத்துத் தாலி.

நிறுத்திவிட்டார்.

"மேடம், இருக்கீங்களா?"

பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தார். கொரற்றி கன்னத்தில் கை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருந்தது."

"நீங்க ம் கொட்டலையே."

"உங்க வகுப்புல யார் ம் கொட்டுறா?"

"எப்படிக் கொட்டுவாங்க? எல்லாரும் மியூட்ல இருக்காங்க."

"யார் மியூட் பண்ணது?"

தாணுமாலயன் மறுபடி சுவரைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார்.

*

மறுநாள் மாலை வகுப்பில் எல்லோருடைய ஒலியையும் திறந்துவிட்டார்.

ஒரு வீட்டில் குக்கர் கூவியது. ஒருவர் பேருந்தில் இருந்தார். நடத்துனர் அவரைப் படிக்கட்டிலிருந்து உள்ளே ஏறச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். எங்கோ மாவு அரைத்தார்கள். ஒரு குழந்தை, "அம்மா, இந்தத் தாத்தா யாரு?" என்று கேட்டது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

தாணுமாலயன் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பு முடியும் வரை கேட்டார்.

பிறகு பாடம் நடத்தினார். முடித்துவிட்டு, "புரியுதா?" என்றார்.

"புரியுது சார்," என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன.

அடுத்த நாள் மாடிப்படி ஏறும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது.

"இப்பதான் மேடம் வகுப்பு வகுப்பு மாதிரி இருக்கு. கேட்டா பதில் வருது. ரெண்டே ரெண்டு குறை."

"சொல்லுங்க."

"முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு. சேர்ந்ததிலேருந்து வகுப்புக்கே வரலை. பேரைக் கூப்பிட்டா ஆளில்லை. ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாதவங்களை எடுத்துட்டு, காத்திருக்கிறவங்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்கணும்னு ஆபீஸ்ல விதி. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் பேரைச் சொல்லணும்."

"இன்னொரு குறை?"

"சபாபதின்னு ஒருத்தர். நம்ம ஆளே இல்லை. எப்படி உள்ள வந்தாருன்னு தெரியலை. தினமும் வர்றாரு. வந்து தூங்குறாரு."

"தூங்குறாருன்னு எப்படித் தெரியும்?"

"நேத்து ஒலியைத் திறந்ததும் குறட்டை கேட்டுது மேடம்."

கொரற்றி சிரிக்கவில்லை.

"மத்தவங்களுக்கெல்லாம் பாடம் புரியுதா?"

"புரியுதுன்னு சொல்லுறாங்களே."

மேசையில் ஒரு இயர்போன் வயர் கிடந்தது. கொரற்றி அதை எடுத்தார். இரண்டு விரல்களை விரித்து எட்டுப் போடுவது போலச் சுற்றினார். நுனியை எதற்குள்ளோ நுழைத்து இழுத்தார். வயர் சிக்கில்லாமல் ஒரு சின்னக் கட்டாக நின்றது.

"இப்படிச் சுத்தி, இப்படித் திருப்பி, இதுக்குள்ள விட்டு இழுத்தா சிக்கே விழாது. புரியுதா சார்?"

"புரியுது."

கொரற்றி வயரை உதறிப் பிரித்து அவர் கையில் கொடுத்தார்.

தாணுமாலயன் சுற்றினார். திருப்பினார். இழுத்தார். ஒரு முடிச்சு விழுந்தது. அதை அவிழ்க்கப் போனபோது இன்னொன்று விழுந்தது.

"புரியுதுன்னு சொன்னீங்களே."

"நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்." அவருக்கு லேசாகக் கோபம் வந்தது. "முகத்துக்கு நேரா 'புரியலை'ன்னு சொல்ல முடியுமா?"

கொரற்றி வயரை வாங்கி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவசரப்படவில்லை.

"சார், எனக்கு ஒரு தட்சணை வேணும்."

தாணுமாலயனின் கை சட்டைப்பைக்குப் போனது.

"அது இல்லை. 'புரியுதா'ங்குற சொல்லை என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"சொல்லை எப்படி மேடம் விட்டுட்டுப் போறது?"

"இந்த மேசை மேல வெச்சுட்டுப் போங்க. பத்திரமா இருக்கும். வேணும்போது வந்து கேளுங்க."

*

அன்று மாலை வகுப்பில் அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. வாயை மூடிக்கொண்டார். எல்லாக் கட்டங்களும் அமைதியாக இருந்தன.

"சார், நெட் போயிருச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இல்லை. இருக்கேன்."

அடுத்த கணக்கைப் போட்டார். முடிந்ததும் மறுபடி அது வந்தது. மறுபடி மூடிக்கொண்டார்.

"சார், நீங்க மியூட்ல இருக்கீங்க," என்றது இன்னொரு குரல்.

மூன்றாவது கணக்கு முடிந்ததும் அவரால் முடியவில்லை. "மனசிலாச்சா?" என்று கேட்டுவிட்டார்.

அதே கேள்விதான், வீட்டில் பேசுகிற சொல்லில். அவர் ஊர்ப்பக்கத்து மாணவர்கள் சிலர், "மனசிலாச்சு சார்," என்றார்கள். மற்றவர்கள், "அப்படின்னா என்ன சார்?" என்றார்கள்.

வியாழக்கிழமை காலை அவராகவே மாடி ஏறி வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"அதையும் வெச்சுட்டுப் போகத்தான் வந்தேன் மேடம்."

"எதை?"

சொன்னார்.

கொரற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். சிரிக்கும்போது ஒரு பக்கத்துக் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். "வையுங்க. மேசையில இடம் இருக்கு."

தாணுமாலயன் உட்கார்ந்தார்.

"இனிமே அவங்ககிட்ட கேக்குறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லை."

"நல்லது சார்."

"எனக்குப் பயமா இருக்கு மேடம். இத்தனை வருஷம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கேன்."



தாணுமாலயன் எழுந்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பொண்ணு பேரைக் கொடுத்துரட்டுமா?"

"கொடுங்க. கொடுக்கப் போறேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"வராதவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

கொரற்றி அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். அதற்குள் போன் இருந்தது.

*

"சார்? ஒரு நிமிஷம் சார்." முத்துப்பேச்சியின் குரல் தணிந்திருந்தது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க சார். அடுப்படிக்கு வந்துட்டேன்."

"நான் கணக்கு வாத்தியார் பேசுறேன்."

"குரல்லயே தெரியுது சார்."

தாணுமாலயனுக்குக் குழப்பமாக இருந்தது. "நீங்க ஒரு நாள்கூட வகுப்புக்கு வரலையேம்மா."

"தினமும் வர்றேன் சார்."

"பேரைக் கூப்பிட்டா ஆளில்லையே. திரையில உங்க பேரே இல்லை."

"எங்கிட்ட இந்தப் பட்டன் போன்தான் சார் இருக்கு. வகுப்புக்கு ஐயா போன்ல வர்றேன். சபாபதி ஐயா."

தாணுமாலயன் இறங்கிக்கொண்டிருந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முத்துப்பேச்சி சொன்னதெல்லாம் மெல்லிய குரலில் வந்தது. மதுரையில் ஒரு வீட்டில் தங்கி, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாயங்காலம் அவருடைய மகள் போனில் வகுப்பைத் திறந்து, காதில் மாட்டிக்கொள்ள வயரையும் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

"அப்ப அந்தக் குறட்டை?"

"ஐயாவுது சார்." குரல் பயந்தது. "வெளிய கேக்குதா?"

"பரவாயில்லை. நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் ஐயா தூங்குவாங்க. பேச்சுச் சத்தம் கேட்டா முழிச்சுருவாங்க. முழிச்சா வலி தெரிய ஆரம்பிச்சுரும்."

"எழுதியாவது அனுப்பியிருக்கலாம்."

"எங்க எழுதுறதுன்னு தெரியலை சார். ஒரு தடவை எதையோ தொட்டேன். வகுப்பை விட்டு வெளிய போயிட்டேன். திரும்பி வரத் தெரியலை. அன்னையிலேருந்து திரையில எதையும் தொடுறதில்லை."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. முத்துப்பேச்சி அதை இறக்கி வைக்கும் வரை தாணுமாலயன் காத்திருந்தார்.

"பேரை எடுக்கத்தான் கூப்பிட்டீங்களா சார்?"

தாணுமாலயன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்கு இனிமே வேலை கிடையாதுன்னு ஏஜென்சியில சொல்லிட்டாங்க. மத்த பாடமெல்லாம் முடிச்சுட்டேன். கணக்கு மட்டும்தான் நிக்குது. எடுத்துறாதீங்க சார்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க நடத்துறது எல்லாம் நல்லாப் புரியுது சார்," என்றார்.

தாணுமாலயன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

*

அன்று மத்தியானம் கொரற்றிக்குப் போன் செய்தார்.

மணி அடித்தது. எடுக்கப்பட்டது. கொரற்றி வணக்கம் சொல்லும் வரைகூடப் பொறுக்காமல் பேசத் தொடங்கினார்.

"மேடம், சபாபதிதான் முத்துப்பேச்சி. ரெண்டு பேரும் ஒரே ஆள். தினமும் வந்திருக்கா. நான்தான் பார்க்கலை."

டக்.

"அந்தப் பெரியவரு கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறாரு. அதனால பேச முடியாது."

டக்.

"கேமராவும் போட முடியாது. நோயாளி இருக்குற அறை. எழுதவும் தெரியாது. போன்ல சொல்லிக் கொடுத்தா, மறுபடி எதையாவது தொட்டு வெளிய போயிருவேனோன்னு நடுங்குறா."

டக்.

"நாளைக்கு ஒரு கேள்விக்காவது பதில் சொல்லலைன்னா இடம் போயிரும். ஆபீஸ்ல நான் பேசி இடத்தை வாங்கிக் கொடுத்துரலாம். அது பெரிய விஷயமில்லை. ஆனா மேடம், அந்தப் பொண்ணு பரீட்சை எழுதணும். அவளுக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. முகமும் இல்லை, குரலும் இல்லை. நான் எதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடம் நடத்த?"

டக்.

தாணுமாலயன் நிறுத்தினார்.

"மேடம், கேக்குறீங்களா?"

டக்.

"லைன்ல என்னமோ சத்தம் வருதே."

டக், டக்.

"நீங்களா?"

டக்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் ஒரு செய்தி வந்தது.

'பல் பிடுங்கியிருக்கு சார். வாய் நிறையப் பஞ்சு. எல்லாம் கேட்டேன்.'

தாணுமாலயன் அதை ஒரு முறை படித்தார். போனைப் பைக்குள் வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார்.

*

வெள்ளிக்கிழமை மாலை. அவருக்குப் பின்னால் கரும்பலகை நிறைய இருபடிச் சமன்பாடுகள். பாடத்திட்டப்படி அன்றைக்கு அதுதான்.

எல்லோரையும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லி ஒலியை அடைத்தார். 'சபாபதி' என்ற கட்டத்தை மட்டும் திறந்தார்.

குறட்டை வந்தது. மெதுவாக, சீராக.

"முத்துப்பேச்சி."

குறட்டை மட்டும்.

"உங்களைத்தாம்மா கூப்பிடுறேன். பேச வேண்டாம். திரையில எதையும் தொட வேண்டாம். காதுல மாட்டியிருக்கீங்களே, அந்த வயர்ல வாய்க்குப் பக்கத்துல நிலக்கடலை மாதிரி ஒண்ணு தொங்கும். அதை மட்டும் நகத்தால ஒரு தடவை தட்டுங்க."

காத்திருந்தார்.

ஏதோ உரசியது. பிறகு, மிகச் சின்னதாக:

டக்.

தாணுமாலயன் வேட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டார். சரிசெய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

பலகையில் ஒரு மூலையை மட்டும் அழித்தார். அங்கே ஒரு கணக்கு எழுதினார். எளிய கணக்கு. இந்தப் பெண் சரியாகச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் இடம் நிற்கும் என்பதற்காகவே அவ்வளவு எளிதாகப் போட்டார்.

5 − (2 − 1)

"விடை எத்தனையோ, அத்தனை தடவை தட்டுங்க. அவசரமில்லை."

காத்திருந்தார்.

சபாபதியின் மூச்சு ஏறி இறங்கியது. மற்ற கட்டங்கள் எல்லாம் கருப்பாக, அமைதியாக இருந்தன. தாணுமாலயனின் நாக்கு ஒரு சொல்லைத் தேடியது. அது செருப்புக் கடை மாடியில், ஒரு மேசையின் மேல் இருந்தது.

காத்திருந்தார்.

டக்.

டக்.

மூன்றாவதற்காகக் காது கொடுத்தார். குறட்டை வந்தது. போனது. மறுபடி வந்தது.

மூன்றாவது வரவில்லை.

இரண்டு.

தாணுமாலயன் பலகையைப் பார்த்தார். விடை நான்கு. முத்துப்பேச்சி அடைப்புக்குறியை வெறுமனே எடுத்துவிட்டு, ஐந்திலிருந்து இரண்டையும் கழித்து ஒன்றையும் கழித்திருக்கிறார். வெளியே ஒரு கழித்தல் நின்றால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் கழித்தல் கூட்டலாக மாறும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அல்லது சொல்லித் தந்தார்கள். தந்துவிட்டு, புரியுதா என்று கேட்டார்கள்.

இந்த மாதம் முழுவதும் அவர் போட்ட ஒவ்வொரு கணக்கிலும் ஓர் அடைப்புக்குறி இருந்தது.

தவறு என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு வரி எழுந்தது. பேருந்தில் வரும் மாணவர் எழுதியிருந்தார்.

'எனக்கும் ரெண்டுதான் சார் வருது.'

அதற்குக் கீழே, குழந்தை வைத்திருக்கும் பெண்: 'எனக்கும்.'

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: 'எனக்கும் சார்.'

எல்லாரையும் விட உரக்கப் 'புரியுது சார்' என்றவர் அவர்.

தாணுமாலயன் டஸ்டரை எடுத்தார். இருபடிச் சமன்பாடுகளை மேலிருந்து கீழ் வரை அழித்தார். மூலையில் இருந்த அந்த ஒரு கணக்கை மட்டும் விட்டுவைத்தார். சாக்பீஸ் தூள் கை முழுக்க ஒட்டியிருந்தது. திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த அடைப்புக்குறியிலயா நிக்கிறீங்க?" என்றார்.

குறட்டை ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

"அங்கேயே இருங்கம்மா. நான் வர்றேன்."

டக்.